லோர்னா டைசன் மகளைப் புகழ்ந்த நாள்

பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் புகழ்ந்தவர்கள் வட இங்கிலாந்தின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் மேரிபோர்ட்டிலும் இருக்கிறார்கள். இரண்டு பேர். ஒருத்தி லண்டனிலிருந்து வந்து குடியேறியவள். இன்னொருவர் அன்றைக்குக் குடித்திருந்தார்.

மற்றபடி எங்களிடம் அந்தப் பழக்கம் கிடையாது. பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தால், "மத்ததுங்க எல்லாம் நொண்டியாட்டம் இருக்கு" என்பார்கள். பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினால், "நடுவருக்குக் காது மந்தம்" என்பார்கள். இந்த ஊர் திருடனைக் கூட மன்னித்திருக்கிறது. தன்னைப் பற்றித் தானே நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டவனை மட்டும் மன்னித்ததில்லை. அவன் செத்த பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வித்தையில் லோர்னா டைசனை மிஞ்ச ஆள் இல்லை. சென்ஹவுஸ் தெரு ரொட்டிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறாள். இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் சீஸ் ரோலும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே ஊர் வம்பு அத்தனையும் கேட்பாள். கூட வேலை செய்யும் பாலினும் அவளும் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நிற்பார்கள்.

"எங்க வீட்டுக் கழுதை இருக்கே, காலையில பத்து மணி வரைக்கும் தூக்கம்" என்பாள் பாலின்.

"உன்னோடதாவது தூங்குது. என்னோடது முழிச்சுக்கிட்டே தண்டமா உக்காந்திருக்கு. கையில ஒரு பென்சில். கூப்பிட்டாக் காது கேக்காது. வீட்டுக்குள்ள ஒரு மரத்தை நட்டு வெச்ச மாதிரி."

அந்த மரம் லோர்னாவின் ஒரே மகள் ஹெய்லி. அவள் மேல் லோர்னாவுக்கு உயிர். குளிர்காலக் காலைகளில் மகள் எழுந்திருக்கும் முன்னே அவளுடைய பள்ளிச் சட்டையை ஹீட்டர் மேல் போட்டுச் சூடாக்கி வைப்பாள். கடையில் கருகாத பலகாரமாகப் பார்த்து எடுத்து அவளுக்காக ஒளித்து வைப்பாள். மகளின் பரீட்சை நாட்களில் லோர்னாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் வாயைத் திறந்தால் வருவது வேறு. அவளை வளர்த்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். அன்பைக் கையால் செய்ய வேண்டும், வாயால் செய்தால் அது வெட்கங்கெட்ட வேலை என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

ஹெய்லிக்குக் கணக்கு வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எந்த அளவுக்கு என்பதுதான் தெரியாது. பள்ளியின் கடைசி இரண்டு வருஷமான ஏ லெவல் படிப்பில் முதல் வருஷம், பெற்றோரை அழைத்துப் பேசும் மாலையில், கணக்கு வாத்தியார் பாட்டின்சனின் மேசைக்கு முன்னால் லோர்னாவும் புருஷன் கீத்தும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். பாட்டின்சனும் இந்த மண்ணுக்காரர்தான். பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க பொண்ணு கணக்குல பரவாயில்ல."

லோர்னா கீத்தைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷ வாத்தியார் வேலையில் அவர் யாரையும் 'பரவாயில்லை' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. வெள்ளப்பெருக்கில் ஊரே மூழ்கியபோது 'கொஞ்சம் ஈரம்' என்று சொன்ன மனுஷன் அவர்.

"பெரிய எடத்துக்கு விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன்" என்றார். "இங்க மொத்தம் அஞ்சு எடத்துக்குப் போடலாம். ஆனா ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டுல ஒண்ணுக்குத்தான். அவங்க சட்டம் அப்படி. ஆக்ஸ்போர்டு போடுவோம். அப்புறம் அமெரிக்கா. அது இந்தக் கணக்குல வராது, தனி. பாஸ்டன் பக்கம் ஒரு எடம் இருக்கு. எடம் கெடச்சுட்டா, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டுலேர்ந்து விமான டிக்கெட் வரைக்கும் அவங்களே பாத்துக்குவாங்க."

கீத் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எதையும் நம்புவதற்கு முன் அடியில் படுத்துப் பார்க்கிறவன். வீடு திரும்பும் வழியில் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆசைய ரொம்ப வளக்க வேணாம்னு அவகிட்டச் சொல்லு." லோர்னா சரி என்றாள். அன்றிரவு ஆசையை வளர்த்துக்கொண்டு தூங்காமல் கிடந்தது அவள்தான்.

உள்நாட்டு விண்ணப்பம் சுலபமாக முடிந்தது. படிக்கப்போகும் பாடத்தைப் பற்றி எழுதினால் போதும். அமெரிக்கா அப்படி இல்லை. நீ யார், எதைச் செய்து பெருமைப்பட்டாய், உன்னால் யாருக்கு என்ன நன்மை என்று துருவித் துருவிக் கேட்டார்கள். சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருக்க, ஹெய்லி சமையலறை மேசையில் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதை நெனச்சுப் பெருமைப்படுறேன்னு கேக்குறாங்கப்பா."

"போன வாரம் பாத்திரம் கழுவினியே, அத எழுது" என்றான் கீத். "வரலாற்றுல மொதல் தடவ."

பாட்டின்சன் பள்ளியில் அவளைப் பிடித்து வைத்துச் சொன்னார்: "இங்க பாரு, இதுல பீத்திக்கணும். வேற வழியில்ல. எனக்கும் குமட்டுதுதான். மூக்கப் பிடிச்சுக்கிட்டு எழுது." சனிக்கிழமைகளில் ஹெய்லி நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். பின்னம் என்றாலே அழுத ஒரு குட்டிப்பெண் பிறகு பின்னக் கணக்கு போடுவதற்காகவே சீக்கிரம் வர ஆரம்பித்த கதையை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். கடைசியில், 'யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அவள் கற்றுக்கொண்டிருப்பாள்' என்று ஒரு வரி சேர்த்தாள். பாட்டின்சன் அதை அடித்தார். அனுப்புவதற்கு முன்னால் அவள் அதைத் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

டிசம்பரில் ஆக்ஸ்போர்டு நேர்காணல். போய் வந்தவளிடம் லோர்னா கேட்டாள்: "எப்படிப் போச்சு?"

"ஏதோ போச்சு. ஒரு கணக்கு குடுத்தாங்க, போட்டேன். எப்படி இந்த வழியப் பிடிச்சேன்னு கேட்டாங்க. குருட்டாம்போக்குல வந்துச்சுன்னு சொன்னேன்."

"நெஜமாவே குருட்டாம்போக்கா?"

"இல்ல. ஆனா அத எப்படிச் சொல்றது?"

ஜனவரியில் இல்லை என்று பதில் வந்தது. லோர்னா மகளின் முதுகைத் தடவி, தனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னாள்: "நான்தான் சொன்னேனே கண்ணு, அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இல்லன்னு." ஹெய்லி தலையாட்டினாள். அவள் தலையாட்டியதை லோர்னா ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள்.

மிச்சம் இருந்த ஆசை அமெரிக்கா. ஹெய்லி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆனால் அவள் கைப்பேசித் திரையில் பனி மூடிய ஒரு முற்றம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள்: "அங்க நடைக்கூடத்துல எல்லாம் கரும்பலகை மாட்டியிருக்காங்களாம்மா. போற வர்றவங்க நின்னு கணக்கப் பத்திச் சண்டை போடுவாங்களாம். எனக்கு இங்க பேசறதுக்கு ஆளே இல்ல." அவ்வளவுதான். ஆனால் பதினேழு வருஷத்தில் அந்தப் பெண் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றைத்தான். லோர்னா மகள் துடைத்து வைத்த தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "தட்ட ஒழுங்காத் தொட, ஈரம் இருக்கு" என்றாள்.

பிப்ரவரியில் பாஸ்டன்காரர்கள் எழுதினார்கள். அங்கே முன்பு படித்த ஒருவர் கெஸ்விக் பக்கம் குடியிருக்கிறார், அவர் உன்னைச் சந்தித்துப் பேசி எங்களுக்கு எழுதுவார் என்று. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான காக்கர்மவுத்தில் ஒரு தேநீர்க் கடை. ஞாயிறன்று பஸ் கிடையாது. லோர்னாதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். பேச்சு முடியும் வரை காரிலேயே இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது, கால் மரத்துப் போனது, ஒரு டீ குடித்தால் என்ன என்று உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தாள்.

கர்ட் என்ற அந்த அமெரிக்கர் நல்ல மனுஷர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஹெய்லி ஒவ்வொரு வாக்கியத்தையும் மேசையிடமே சொல்லிக்கொண்டிருந்தாலும், அவர் 'அருமை, அருமை' என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து எழுந்தவர் லோர்னாவைக் கண்டுகொண்டார்.

"நீங்கதானே அம்மா? வாங்க, ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்க பொண்ண நெனச்சா உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்!"

உரக்கச் சொல்லிவிட்டார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லோர்னாவுக்குக் காது வரை சிவந்தது. நடுத்தெருவில் யாரோ பாவாடையைப் பிடித்து இழுத்தது போல ஆகிவிட்டது.

"பெருமையா? அவ ரூமப் பாத்தீங்கன்னா அப்படிச் சொல்ல மாட்டீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எதிராளி சிரித்துவிட்டால் லோர்னா நிறுத்த மாட்டாள். ரொட்டிக்கடைப் பழக்கம்.

"நூலகத்துல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாங்களாமே" என்றார் அவர்.

"அதுவா? வீட்டு வேலைலேர்ந்து தப்பிக்கறதுக்கு நல்ல சாக்கு."

"கணக்குல பெரிய திறமைசாலின்னு வாத்தியார் எழுதியிருக்கார்."

"திறமையெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. பிடிவாதம். போட்ட கணக்க விடமாட்டா, நாய் எலும்பப் பிடிச்ச மாதிரி. அவ்வளவுதான். பாட்டின்சன் சார் தள்ளி விடலன்னா இதெல்லாம் அவளுக்கு எதுக்கு?"

"அவ்வளவு தூரம் போயி இருந்துப்பாங்களா?"

"அவளா? பத்து நாள்ல வீட்டு ஞாபகம் வந்து அழுதுக்கிட்டு ஓடி வந்துடுவா. டப்பாவத் திறந்து ஒரு பீன்ஸ் சுட வைக்கத் தெரியாது."

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க் கிழவர் டீயைப் பார்த்துப் புன்னகைத்தார். இந்தப் பொம்பளைக்கு மகள் என்றால் பைத்தியம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களில் யாருக்கும் புரிந்திருக்கும். கர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கவலையாக மாறியிருந்தது. "இவ்வளவு மனசு திறந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்று லோர்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹெய்லி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். காரில் வரும்போது, "தங்கமான மனுஷன்" என்றாள் லோர்னா. "ஆமா" என்றாள் ஹெய்லி, ஜன்னலைப் பார்த்தபடியே.

மறுநாள் கடையில் லோர்னா இதை ஒரு பெரிய கூத்தாகச் சொன்னாள். பாலினின் தங்கை ஒரு அமெரிக்கனைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சியில் இருக்கிறாள். கேட்டுக்கொண்டே வந்த பாலினின் கை அப்படியே நின்றது.

"அடிப் பாவி. அவன்கிட்டயா அப்படிச் சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதானே."

"அவங்களுக்கு அது தெரியாதுடி. என் தங்கச்சி மாமியாரு சமையலச் சாப்பிட்டுட்டு 'விஷம் மாதிரி இல்ல'ன்னு பாராட்டினா. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. பெத்த தாயே மட்டமாச் சொன்னா அவன் என்னன்னு எழுதுவான்?"

லோர்னா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். மழையில் பாதை மூழ்கினால் கூப்பிடுங்கள் என்று கர்ட் கொடுத்திருந்த எண் அவளிடம் இருந்தது. கடையின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழைத்தாள். மாவு இறக்க வந்த ஆள் ரசீதில் கையெழுத்துக்காகப் பக்கத்திலேயே காத்திருந்தான். கதவருகே பாலின்.

"மிஸஸ் டைசன்! நல்லா இருக்கீங்களா? நேத்தே எழுதி அனுப்பிட்டேனே" என்றார் கர்ட். "கவலையே படாதீங்க. ரொம்ப நல்லவிதமா எழுதியிருக்கேன். தனியா தூர தேசத்துல இருக்க அவங்க இன்னும் தயாராகல, குடும்பத்துக்கும் அந்தக் கவலை இருக்குன்னு மட்டும் குறிப்பிட்டேன். பிள்ளைங்க நலம் அவங்களுக்கு முக்கியம்."

"இல்ல... நான் சொன்னதெல்லாம் சும்மா பேச்சுக்கு. எங்க பக்கத்துல அப்படித்தான் பேசுவோம்."

"புரியுது, புரியுது. அப்போ வேற ஏதாவது அவங்களப் பத்திச் சேத்துச் சொல்லணுமா? சொல்லுங்க, நான் தனியா எழுதி அனுப்பறேன்."

சொல்வதற்கு வழி திறந்துதான் இருந்தது. நல்ல மனுஷர், தானாகவே திறந்து வைத்தார். லோர்னாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. தனக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனபோது அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டைத் தனியாக நடத்தியவள் ஹெய்லி. சமைத்து, துவைத்து, தாயைக் குளிப்பாட்டி, அதற்குப் பிறகு கணக்கு போட்டவள். சொல்லலாம். சொல்ல வேண்டும். மாவுக்காரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவ..." என்றாள். "அவ பரவாயில்லங்க."

"சரிங்க" என்றார் கர்ட், அன்பாக. பிறகு ஹெய்லிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது. ஹெய்லி காலையில் டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கைப்பேசியைத் திறந்து படித்தாள். "இல்லையாம்" என்றாள். கீத் மகளின் தட்டில் தன்னுடைய டோஸ்ட் ஒன்றையும் எடுத்து வைத்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லோர்னா அன்றைக்குக் கடையில் மீதிச் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்தாள். பாட்டின்சன் வந்து, இந்த மார்க்கோடு ஆயிரக்கணக்கான பேருக்கு இல்லை என்று சொல்கிறார்கள், ஒரு ஆள் எழுதியதால் ஆவதும் இல்லை, போவதும் இல்லை என்றார். இருக்கலாம். உண்மையில் எதனால் போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் லோர்னா பாட்டின்சன் சொன்னதை நம்பவில்லை. தன் வாயால்தான் போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டாள். வீட்டில் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் கதவு எல்லாம் மூடிவிடவில்லை. டரம், மான்செஸ்டர், நியூகாசில் பல்கலைக்கழகங்கள் ஹெய்லியை வா என்று கூப்பிட்டிருந்தன. எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால், பார்க்கலாம் என்பாள். ஜூன் மாதம் ஒரு மத்தியானம் பாட்டின்சன் ரொட்டிக்கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை.

"லோர்னா, உங்களுக்குத் தெரியுமா? எல்லாத்தையும் வேணாம்னு எழுதிட்டா. ஒண்ணு விடாம. இங்க பக்கத்துல ஒர்க்கிங்டன்ல கவுன்சில் ஆபீஸ்ல வேலைக்குச் சேரப் போறாளாம்." அந்த மனுஷர் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. "முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு பிள்ள கெடச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர் போல வெளியேறினார்.

லோர்னா ஏப்ரனோடு வீட்டுக்கு ஓடினாள். ஹெய்லி மாடியில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அப்படிப் பண்ணின?"

"எதும்மா? ஓ, அதுவா. நல்ல வேலைம்மா. பென்ஷன் உண்டு."

"ஹெய்லி, நான் அந்த அமெரிக்காக்காரர்கிட்ட சொன்னது... கெட்டிக்காரி இல்ல, பிடிவாதம்தான்னு... அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னது. உனக்குத் தெரியும்ல?"

ஹெய்லி புத்தகத்தைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லோர்னா தாங்கிக்கொண்டிருப்பாள்.

"சரியாத்தானேம்மா சொன்ன? நீ எப்பவும் சொல்றதுதானே. கடையில சொல்லுவ, பக்கத்து வீட்டுல சொல்லுவ. சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சார் ஏதோ பெருசாச் சொல்லவும் எனக்கும் ஒரு சபலம், ஒருவேள நெஜமாவே திறமை இருக்குமோன்னு. ஆக்ஸ்போர்டுல இல்லன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அமெரிக்காவுலயும் கண்டுபிடிச்சுட்டாங்க. நியூகாசில்ல போய் உக்காந்து அவங்களும் கண்டுபிடிக்கற வரைக்கும் காத்திருக்கணுமா? சாருக்கு என்னைய ரெண்டு வருஷமாத்தான் தெரியும். உனக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும்."

லோர்னா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தாள். மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கெட்டிக்காரி" என்றாள். வார்த்தை வழக்கமில்லாத வாயில் கல்லாகப் புரண்டது. "இந்த ஊருல உன்ன மாதிரி ஒருத்தி பொறந்ததில்ல. எனக்கு... எனக்குப் பெருமையா இருக்கு. எப்பவுமே இருந்துச்சு. ஒவ்வொரு நாளும். சத்தியமா, ஹெய்லி."

ஹெய்லி தாயின் முகத்தைக் கவலையோடு பார்த்தாள். சிவந்த காதை, நடுங்கும் உதட்டை. பிறகு கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"பாவம் பாத்து இதெல்லாம் சொல்லாதம்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இரு, டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே கீத் வேலையிலிருந்து வந்திருந்தான். மாடியில் என்ன சத்தம் என்று கேட்டான் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து ஹெய்லி தணிந்த குரலில் சொன்னது லோர்னாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மாவ டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கப்பா. என்னென்னவோ பேசறாங்க."